எந்த நம்பர் வந்தாலும் எடுக்கணும்

ஜூலை 6, சனி

இந்த வீட்டில் இனி இரண்டு வாரத்துக்கு இரண்டு பேருமே எழுதிக்கொண்டுதான் இருக்கப்போகிறோம். அவர் பரீட்சை அட்டையில் எழுதுகிறார். நான் பாத்திரக் கடையில் கொடுத்த டைரியை இன்றுதான் பிரித்தேன். ஜனவரி முதல் ஜூன் வரை வெள்ளையாகக் கிடக்கிறது. பரவாயில்லை.

நேற்று மதுரை ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆபரேஷன். குரல் நாணில் ஒரு சின்னச் சதை வளர்ந்திருந்தது, எடுத்துவிட்டார்கள். மூன்று மாதமாகத் தொண்டை கரகரப்பு என்று கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார். பி.டி. மாஸ்டர் என்றால் தொண்டை கட்டத்தானே செய்யும் என்று நானும் விட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கிற குரல். வீட்டுக்குள்ளும் அதே குரல்தான். உப்பு கேட்டாலும் அணிவகுப்பை நிறுத்துகிற மாதிரி இருக்கும். டாக்டர் இரண்டு வாரம் ஒரு சொல்கூடக் கூடாது, கிசுகிசுப்பது அதைவிடக் கெடுதல் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கிளம்பும்போது நர்ஸ் சொன்னாள்: எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், பத்து நாளில் கூப்பிடுவோம். எந்த நம்பரிலிருந்து என்று கேட்டதற்கு, "இங்க நாலஞ்சு ஃபோன் இருக்கும்மா. எந்த நம்பர் வந்தாலும் எடுத்துடுங்க" என்றாள். அவர் வழக்கம்போல் ஃபோனுக்குக் கையை நீட்டினார். பிறகு தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அதை என்னிடம் கொடுத்துவிட்டார்.

எனக்குத் திக்கும். இதை எழுதுவதற்கு ஒரு சிரமமும் இல்லை. பத்திர எழுத்தர் ஆபீஸில் பதினாறு வருஷமாகத் தட்டச்சு செய்கிறேன். எத்தனையோ பேருடைய வீடும் வயலும் என் விரல் வழியாகத்தான் கைமாறியிருக்கின்றன. வாயைத் திறந்தால்தான் சங்கடம். க, த, ப என்று தொடங்கும் சொல் வந்தால் தொண்டைக்குள் கதவு சாத்திக்கொள்ளும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் எனக்கு வந்த ஃபோனையும் அவர்தான் பேசியிருக்கிறார். மணி அடித்தால் நான் சமையலறைக்குப் போய்விடுவேன். எங்களுக்குள் அப்படி ஒரு ஏற்பாடு. இரண்டு பேருக்கும் வசதியாகவே இருந்தது.

பத்து நாள்தானே. எத்தனை ஃபோன் வந்துவிடப்போகிறது.

ஜூலை 7, ஞாயிறு

பதினொன்று. ஒன்றுகூட ஆஸ்பத்திரி இல்லை.

ஜூலை 8, திங்கள்

காரணம் தெரிந்துவிட்டது. இவர் கூப்பன் எழுதுகிறவர். ஜவுளிக்கடை, நகைக்கடை, ஃபர்னிச்சர் கண்காட்சி, எங்கே குலுக்கல் பெட்டியைப் பார்த்தாலும் பெயரையும் நம்பரையும் எழுதிப் போட்டுவிட்டுத்தான் வெளியே வருவார். இத்தனை வருஷத்தில் கிடைத்த பரிசு ஒரு பிளாஸ்டிக் வாளி. அந்த நம்பர் இப்போது ஊர் ஊராகப் போயிருக்கிறது.

காலை ஒன்பதரைக்குக் கடன் வேண்டுமா என்று ஒருத்தி. நான் வாயைத் திறந்தேன், வரவில்லை. "ஹலோ… ஹலோ… கேக்குதுங்களா? சிக்னல் இல்ல போல" என்று வைத்துவிட்டாள். பத்து மணிக்கு கிரெடிட் கார்டு, அவனும் சிக்னல் என்றான். பன்னிரண்டு மணிக்கு முடி நடுகிற கிளினிக், அதுவும் சிக்னல்.

நாற்பத்து மூன்று வயது வரைக்கும் எனக்கு என்னென்னவோ பெயர் வைத்திருக்கிறார்கள். சிக்னல் அவற்றில் மரியாதையான பெயர்.

ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்களும் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டால்? அதனால் முதல் சொல்லாவது உடனே வர வேண்டும். 'பேசுங்க' ஆகாது, 'ப' அடைத்துக்கொள்ளும். 'யாரு' என்றால் மரியாதைக் குறைச்சல். மதியம் பூராவும் சொல்லிப் பார்த்து 'சொல்லுங்க' என்று முடிவு செய்தேன். அது வழுக்கிக்கொண்டு வருகிறது. மாலையில் வந்த நான்கு பேரிடமும் சொன்னேன். நாலு பேரும் சொன்னார்கள், சொன்னார்கள், சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஜூலை 9, செவ்வாய்

ஒரு புது விஷயம் கண்டுபிடித்தேன். விற்க வருகிறவன் ஃபோனை முதலில் வைக்க மாட்டான்.

கொடைரோடு பக்கத்தில் மனை போட்டிருப்பதாக ஒரு பையன் பேசினான். மெயின் ரோட்டுக்கு ஐந்து நிமிஷமாம், எந்த வண்டியில் என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எங்களுக்குத் தேவையில்லை தம்பி என்று சொல்லத் தொடங்கினேன். 'தேவை'யில் நின்றுவிட்டது. இதற்குள் யாராக இருந்தாலும் வைத்திருப்பார்கள். அவன் வைக்கவில்லை. "பொறுமையா சொல்லுங்க மேடம், நான் லைன்லதான் இருக்கேன்" என்றான். சொல்லி முடிக்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். முழு வாக்கியம். 'தம்பி'யையும் விடவில்லை. ஏமாற்றத்தோடு நன்றி சொல்லிவிட்டுத்தான் வைத்தான்.

அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் திணறும்போது அவருடைய உதடு அசைந்தது. நான் சொல்ல வந்ததை அவர் சத்தமில்லாமல் முடித்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷப் பழக்கம், குரல் நின்றாலும் உதடு நிற்கவில்லை. உதட்டையும் அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார் என்றேன். சொல்லவில்லைதான்.

ஜூலை 10, புதன்

குலுக்கலில் எங்களுக்குப் பரிசு விழுந்திருப்பதாக ஒரு பெண் கூப்பிட்டாள். மதுரையில் ஒரு ஹோட்டலுக்குக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வர வேண்டும், இரண்டு மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும், அதன் பிறகு டின்னர் செட் தருவார்களாம். எங்கள் இரண்டு பேரிடமும் இரண்டு மணி நேரம் பேச்சு வாங்குவது என்றால் அவர்கள் அந்த ஹோட்டலையே கொடுக்க வேண்டியிருக்கும். இதை அவரிடம் சொன்னேன். சிரிக்கக் கூடாது என்பதால் தலையணையை முகத்தில் வைத்துக்கொண்டார்.

இன்று பதினான்கு. ஒன்பது பேரிடம் முழுதாகப் பேசினேன். என்னைக் கேலி செய்து திக்கிக் காட்டியவன் ஒருவன். அவனிடமும் வேண்டாம் என்று முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன்.

ஜூலை 11, வியாழன்

ரிப்போர்ட்டைப் பற்றி எனக்குப் பயமெல்லாம் இல்லை. ஆபீஸில் குருநாதன் சார் தட்டச்சு வேலையை வீட்டுக்கே அனுப்பிவிட்டார், அதையே கவனித்துக்கொண்டிருக்கிறேன். ஃபோன் சார்ஜ் தீர்ந்துவிடக் கூடாது என்று பக்கத்து வீட்டில் இன்னொரு சார்ஜர் வாங்கி வைத்திருக்கிறேன். குளிக்கப் போகும்போது பால் கவரில் போட்டு எடுத்துப் போகிறேன். மின்விசிறி மூன்றையும் துடைத்தேன். நேற்றும் துடைத்திருந்தேன்.

அந்த ஃபோனில் போன வருஷம் விளையாட்டு விழாவில் அவர் பேசியது பதிவாகியிருக்கிறது. "நூறு மீட்டர் ஓட்டத்துக்கு மாணவிகள் வரிசைக்கு வரவும்." ஸ்பீக்கர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போட்டேன். நான்கு தடவை போட்டுப் பார்த்ததில் சரியாகத்தான் இருக்கிறது.

ஜூலை 13, சனி

அவருடைய தம்பி சுகுமாரன் வத்தலக்குண்டிலிருந்து வந்திருந்தார். நல்ல மனுஷன். ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கி வந்தார். அவர் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் நாலு விளம்பர ஃபோன். நான் ஒவ்வொன்றையும் எடுத்துத் திணறியதைப் பார்த்துவிட்டு, "அண்ணி, எதுக்கு இந்தக் கஷ்டம்? வர்ற ஃபோனையெல்லாம் என் நம்பருக்குத் திருப்பி விட்டுடலாம். ஆஸ்பத்திரியில இருந்து வந்தா நான் பேசிக்கிறேன்" என்று ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டார். அண்ணனும் உடனே தலையாட்டினார்.

நான் சுகுமாரன் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் தம்பி, நானே பார்த்துக்கிறேன் என்று சொன்னேன். அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் போனதும் இவர் அட்டையில் எழுதிக் காட்டினார்: 'உன் நல்லதுக்குத்தானே சொன்னான். உனக்கு இதெல்லாம் சரிப்படாது.'

இந்தக் கடைசி வார்த்தையை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் குருநாதன் சார் ஃபோன் செய்தார். பத்திரத்தை வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் படித்துக்காட்ட முன் அறையில் ஓர் ஆள் வேண்டும், தமயந்தி உட்காருவாளா என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். "அதெல்லாம் அவளுக்குச் சரிப்படாது சார், பின்னாலயே இருக்கட்டும்" என்று இவர் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அப்போது நான் சொல்ல நினைத்தது வேறு.

இன்றைக்கு அதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பிடித்தது. கோபத்தில் இன்னும் மோசமாகத் திக்கியது. "நான் த… தலையாட்டினா நீங்க சொன்னது சரின்னு அர்த்தம் இல்ல. சொல்லி முடிக்க எனக்கு நேரமில்லன்னு அர்த்தம்." ஒரு பேசாதவரும் ஒரு திக்குகிறவளும் சண்டை போட்டால் அது முடிய ஒரு சாயங்காலம் ஆகிறது. இரவு தோசைக்கு அவரே சட்னி அரைத்தார்.

ஜூலை 15, திங்கள்

பத்து நாள் ஆகிவிட்டது, அவர்கள் கூப்பிடவில்லை. பதினொரு மணிக்கு நானே கூப்பிட்டேன். வாழ்க்கையில் நானாக நம்பரை அழுத்தி அந்நியர் ஒருவரிடம் பேசியது இதுதான் முதல் தடவை. ரிப்போர்ட் இன்னும் வரவில்லை, இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று வேறு லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று சொன்னாள் அந்த நர்ஸ். எதற்காக என்று நான் கேட்டு முடிப்பதற்குள் வைத்துவிட்டாள்.

அவரிடம் தாமதமாகும் என்று மட்டும் சொன்னேன். வேறு லேப் என்பதைச் சொல்லவில்லை. சொல்லத் திக்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 16, செவ்வாய்

இன்று ஒரு கடன் கம்பெனிப் பெண்ணோடு பதினெட்டு நிமிஷம் பேசினேன். வேண்டுமென்றேதான். அவள் எப்படி லைனை விடாமல் வைத்திருக்கிறாள் என்று பார்க்க வேண்டியிருந்தது. நான் எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருக்கிறாள். வீடு சொந்தமா, சாருக்கு என்ன வேலை, வண்டி வாங்குகிற எண்ணம் உண்டா. 'சரி, வைக்கிறேன்' என்ற சொல் அவள் வாயில் வரவே இல்லை. கேள்விகள் எதிரில் தாளில் எழுதியிருக்கும் போல.

நானும் ஒரு தாளில் நாலு கேள்வி எழுதி ஃபோன் பக்கத்தில் ஒட்டினேன்.

ஜூலை 18, வியாழன்

பதினொன்றேகாலுக்கு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைக்காமலே எடுத்து, சொல்லுங்க என்றேன்.

மதுரையிலிருந்துதான். ரிப்போர்ட் வந்துவிட்டது, நாளைக் காலை இரண்டு பேரும் வந்து டாக்டரைப் பாருங்கள் என்றாள். அவ்வளவுதான், வைக்கப் போகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. ஒரு நிமிஷம் என்றேன். டாக்டரிடம் இப்போதே பேச வேண்டும் என்று சொல்லத் தொடங்கியதும் 'டா'விலேயே நின்றுவிட்டது.

"ஹலோ? மேடம், லைன் கட் ஆகுதுங்களா?"

"லைன் நல்லாத்தான் இருக்கு. எனக்குத் திக்கும். நான் பேசி முடிக்கிற வரைக்கும் வைக்காதீங்க."

இதை என் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிற விஷயம் என்று இருந்துவிட்டேன். அவள் வைக்கவில்லை. டாக்டர் வார்டில் இருக்கிறார், அப்புறம் பேசச் சொல்கிறேன் என்றாள். நான் லைனிலேயே இருக்கிறேன் என்றேன். நாளைக்கு எப்படியும் பார்க்கத்தானே போகிறீர்கள் என்றாள். நாளைக்கும் பார்க்கிறேன், இன்றைக்கும் பேசுகிறேன் என்றேன். ஏழு நிமிஷம் கழித்து டாக்டர் வந்தார்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. இடது குரல் நாணில் கேன்சர், ஆரம்ப நிலைதான் என்றார். தாளைப் பார்த்துக் கேள்விகளைக் கேட்டேன். பரவியிருக்கிறதா? இல்லை. மறுபடி ஆபரேஷனா? வேண்டாம், ஆறு வாரம் கதிர்வீச்சு வைத்தியம் போதும். மூன்றாவதைக் கேட்கத் தொடங்கியதும், செலவுதானே என்று அவரே முடித்தார். அது இல்லை சார் என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்டேன். பிழைப்பாரா என்பதுதான் மூன்றாவது. "இந்த நிலையில வந்தவங்க பெரும்பாலும் நல்லாயிடுறாங்கம்மா. தைரியமா இருங்க" என்றார். நாலாவது, குரல். இருக்கும், ஆனால் பழைய மாதிரி எதிர்பார்க்க வேண்டாம்.

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. என் பக்கத்துக் கேள்விகள் மட்டும் அவருக்குக் கேட்டிருக்கும். அவர் பரீட்சை அட்டையையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார்.

ஒரே நிமிஷத்தில் எழுதியிருப்பேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், அழகான கையெழுத்தில். அதை வாங்கி மேஜையில் வைத்தேன்.

"க…" என்றேன். கதவு சாத்திக்கொண்டது. மறுபடி தொடங்கினேன். மறுபடியும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சொல் அவருக்குத் தெரியும். கேள்விகளைக் கேட்ட யாருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் உதடு அசையவில்லை. நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

"கேன்சருங்க. ஆரம்பம்தான். பரவல. ஆறு வாரம் வைத்தியம், அதுல சரியாயிடும்ங்கிறார்."

அவர் அட்டையை எடுத்து 'குரல்?' என்று எழுதினார்.

"இருக்கும். பழைய மாதிரி இருக்காது."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். கையில் புளி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, அந்தக் கையையே பிடித்துக்கொண்டார். அழுதார். சத்தம் வராமல் அழலாமா என்று டாக்டரிடம் ஐந்தாவதாக ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

இடையில் மூன்று தடவை ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

மதுரை போய் வந்தோம். டாக்டர் படம் வரைந்து காட்டினார். பட்டாணியில் கால்வாசி அளவு. இன்னும் ஒரு வாரம் பேசக் கூடாது என்றார். வைத்தியம் ஆகஸ்ட் பன்னிரண்டில் தொடங்குகிறது. அதற்கு முன் பல் டாக்டரிடம் பல்லைக் காட்ட வேண்டும், முகத்துக்கு அளவெடுத்து ஒரு முகமூடி செய்ய வேண்டும். கவுன்டரில், ஸ்கேன் அறையில், மருந்துக் கடையில் எல்லா இடத்திலும் நான்தான் பேசினேன். ஓரிடத்தில் வரிசையில் பின்னால் நின்றவர் உச்சுக்கொட்டினார். எங்கள் வீட்டுப் பி.டி. மாஸ்டர் பரஞ்சோதி சார் திரும்பி, மைதானத்தில் பார்க்கிற பார்வை ஒன்று பார்த்தார். அதற்குக் குரல் தேவைப்படவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

காலையில் அட்டை நிறைய எழுதி வைத்திருந்தார். குருநாதன் சார் விஷயம். அன்றைக்கு உன்னைக் கேட்டிருக்க வேண்டும், நீ அவமானப்பட்டுவிடுவாய் என்று பயந்தேன், உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன் என்று எழுதி, கடைசியில், 'நான் செய்தது தப்பு' என்று முடித்திருந்தார்.

போகட்டும் விடுங்க என்று சொல்லியிருக்கலாம். "ஆமா, தப்புதான்" என்றேன். அதன்பிறகு இரண்டு பேரும் ஒன்றாகக் காபி குடித்தோம்.

ஜூலை 22, திங்கள்

சுகுமாரன் ஃபோன் செய்தார். 1909-ல் சொல்லிப் பதிந்துவிட்டால் விளம்பர ஃபோன் குறைந்துவிடும் அண்ணி, அன்றைக்கே சொல்ல மறந்துவிட்டேன் என்றார். செய்யலாம். ஆறு வாரம் முடியட்டும்.

குருநாதன் சாருக்கும் பேசினேன். முன் அறை நாற்காலியில் இப்போது வேறு ஒரு பெண் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் அவள் வருவதில்லை, அந்த நாளில் நீ படித்துக்காட்டேன் என்றார். செப்டம்பர் கடைசியிலிருந்து வருகிறேன் என்றேன். ஒரு பத்திரத்துக்கு எனக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்பதையும் சொல்லிவிட்டேன்.

ஜூலை 27, சனி

இன்று முதல் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் பேசலாம். அவர் சொன்ன முதல் வாக்கியம்: "ரசத்துல உப்பு கம்மி." சாக்கைத் தரையில் சொரசொரவென்று இழுத்த மாதிரி இருந்தது. அடுப்பைப் பார்க்கப் போகிறவள் போல எழுந்து போய்ச் சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

முதல் நாள். ஐந்தரை மணி பஸ். ஆஸ்பத்திரியில் கதிர் அறையின் கதவு பீரோ கதவைப் போல் கனமாக இருக்கிறது. அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள். முகமூடியை மாட்டி மேஜையோடு இறுக்குவார்கள், அசையக் கூடாது, பதினைந்து நிமிஷம்தான் என்றார்கள். அவர் உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார். ஓட்டப்பந்தயத்தில் பிள்ளைகளுக்குக் காட்டுவதுபோல.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர். ஆஸ்பத்திரிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன், இங்கிருந்து யாரும் கூப்பிடப் போவதில்லை. எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. எடுத்தேன்.

சின்னப் பெண் குரல். தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் விற்கிறாள். "வணக்கம் மேடம், நாங்க…" என்று தொடங்கியவள் கம்பெனிப் பெயரில் தடுமாறி நின்றுவிட்டாள். தாள் புரள்கிற சத்தம் கேட்டது. மறுபடி வணக்கம் சொன்னாள். மறுபடி அதே இடத்தில் நின்றாள். பக்கத்தில் யாரோ ஒரு ஆண் அதட்டுவதும் கேட்டது. இன்றுதான் வேலையில் சேர்ந்திருப்பாள் போல. என்ன மெஷின், என்ன விலை, என்ன இலவசம், அவள் அடுத்து எதைச் சொல்லப்போகிறாள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவளுக்குப் பதிலாக நானே சொல்லி முடித்திருக்கலாம்.

"மெதுவா சொல்லும்மா. நான் வைக்க மாட்டேன்" என்றேன்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினாள். ஆறு கட்டமாகத் தண்ணீர் சுத்தமாவதை ஒன்று, இரண்டு என்று சொன்னாள். நாலாவதை விட்டுவிட்டு ஐந்துக்குப் போய், திரும்ப நாலுக்கு வந்தாள். நான் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஆறாவது கட்டமும் முடிந்து, உங்களுக்கு எப்போது டெமோ காட்ட வரலாம் மேடம் என்று அவள் கேட்டபோது குரல் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

எங்களுக்குத் தேவையில்லை என்று சொன்னேன். 'தேவை'யில் நின்றது. அந்தப் பக்கம் அவளும் காத்திருந்தாள்.

ஃபோனை வைக்கும்போது கனமான கதவு திறந்தது. கன்னத்திலும் நெற்றியிலும் முகமூடியின் வலை அச்சு சிவப்பாகப் பதிந்திருக்க அவர் வெளியே வந்தார். யார் என்று அந்தச் சொரசொரத்த குரலில் கேட்டார். ஒரு பிள்ளைக்கு இன்றைக்கு வேலையில் முதல் நாள் என்று சொன்னேன். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போகலாம் என்றார். நடந்தோம்.